படைத்தலைவியின் நடை

படத்தை நிம்மதியாகப் பார்த்தவர்கள் புத்தகத்தைப் படிக்காதவர்கள்தான். என் வீட்டுக்காரர் அப்படி ஒருவர். இடைவேளைவரை பார்த்தார், பாப்கார்ன் தின்றார், மீதிப் படத்தைத் தூங்கிக் கழித்தார். திரும்பும்போது வேனில் இருந்த எல்லாரும் ஆளுக்கொரு காரணத்துக்காகக் கொதித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும், "நல்லாத்தான இருந்துச்சு," என்றார். டிரைவர் அவருடைய கூட்டாளியாக இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவரைக் கீழ்புத்துப்பட்டிலேயே இறக்கிவிட்டிருப்பார்கள்.

நான் பக்கத்து சீட்டில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் படித்தவள். ஏழு பாகத்தையும்.

யாருடைய பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. தொடரின் பெயரையோ படத்தின் பெயரையோ சொன்னாலே போதும், புத்தகக் கட்சி, நடிகை கட்சி என்று இரண்டு கட்சிக்காரர்களும் வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஏற்கெனவே வந்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

மரக்காணத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் உப்பளத்தில் மேஸ்திரி. அப்பா அம்மா போன பிறகு என் தங்கை எங்களோடுதான் இருக்கிறாள். திண்டிவனத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. தினமும் பஸ்ஸில் போய்வருவாள். அந்தப் பஸ்ஸில்தான் அந்தத் தொடரைப் படிக்க ஆரம்பித்தாள்.

மழையே பெய்யாத ஒரு நாடு. நடுவில் ஒரு கோட்டை. அதைக் காப்பது ஒரு பெண்கள் படை. யாளிகள்மேல் ஏறிப் பறந்து சண்டை போடுவார்கள். அந்தப் படையின் தலைவிக்குப் பிறவியிலேயே இடது கால் குட்டை. சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். எதிரிகள் அவளை நொண்டி என்று கூப்பிடுவார்கள், அப்புறம் அதற்காக வருத்தப்படுவார்கள்.

என் தங்கைக்கும் இடது கால்தான். பிறந்தபோதே இடுப்பு மூட்டு விலகியிருந்திருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை. அவள் நடக்கத் தொடங்கி, ஏன் இப்படிச் சாய்கிறாள் என்று வீட்டில் கேட்கத் தொடங்கி, பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி ஆபரேஷன் செய்தபோது காலம் கடந்துவிட்டது. வலி போனது. சாய்வு போகவில்லை.

முதல் பாகத்தில் பாதி படித்திருப்பாள். ஒருநாள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அக்கா, இந்தக் கதையில ஒருத்தி வர்றா, என்ன மாதிரியே நடக்கறா," என்றாள். அவ்வளவுதான். முகம் கழுவப் போய்விட்டாள். அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லாததாலேயே நான் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். பிறகு என்னால் கீழே வைக்க முடியவில்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் காய்ச்சல் மாத்திரைக்கு ஆள் நிற்பதுகூடத் தெரியாமல் படித்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் பாகம் எங்குமே கிடைக்கவில்லை. அதைத் தேடியபோதுதான் அந்த வாத்தியார் அறிமுகமானார். ஊரில் டியூஷன் சென்டர் நடத்துகிறவர். இந்தத் தொடரின் வாசகர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார். மரக்காணம், திண்டிவனம், காலாப்பட்டு, பாண்டி என்று பல ஊர் ஆட்கள் அதில் இருந்தார்கள். பிளாஸ்டிக் அட்டை போட்ட தன் மூன்றாம் பாகத்தை என் தங்கையிடம் கொடுத்து, "பக்கத்தை மடிக்கக் கூடாது, சாப்டுக்கிட்டே படிக்கக் கூடாது," என்று சொல்லித்தான் அனுப்பினார். கூடவே எங்கள் இருவரையும் குழுவிலும் சேர்த்துவிட்டார். அன்றோடு நிம்மதி போனது.

படம் வருகிறது என்ற செய்திக்கு முன்பே அந்தக் குழுவில் ஓயாத சண்டை. யாளி அசைவமா சைவமா என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். நடுவில் ஒருவர் மற்றவரின் அம்மாவை இழுத்துவிட்டார். படம் வருகிறது என்றதும் பழைய பகை எல்லாம் மறந்து ஒன்றுசேர்ந்தார்கள். நடிகையின் பெயர் வெளியானதும் மறுபடி பிரிந்தார்கள். கதையில் படைத்தலைவி வெயிலில் காய்ந்து கறுத்தவள். நடிகையோ வெயில் என்றால் என்ன என்று கேட்பவள் போல இருந்தாள். "மேக்கப்ல சரி பண்ணிடுவாங்க," என்றார் வாத்தியார். டிரெய்லர் வந்தது. அதில் அவள் ஓடினாள். சாய்வில்லாமல், இரண்டு காலும் அம்புபோல, கோட்டை மதில்மேல் ஓடினாள்.

குழுவில் ஒருவர், "இது கனவு சீனா இருக்கும்," என்று எழுதினார். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆமாம், நான்காம் பாகத்தில் ஒரு கனவு வருகிறதே, அதில் அவள் ஓடுவாளே, அதுதான். இயக்குநர் எவ்வளவு நுணுக்கமாகப் படித்திருக்கிறார் என்றுகூட ஒருவர் எழுதினார். நானும் நம்பினேன். என் தங்கை அந்த டிரெய்லரைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். என்ன நினைக்கிறாள் என்று கேட்டதற்கு, "மியூசிக் நல்லா இருக்குது," என்றாள்.

முதல் நாள் பாண்டியில் படம் பார்க்க ஒரு வேன் பிடித்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கறுப்பு டீ-ஷர்ட். யாளியின் படத்தை அச்சடித்தவன் இடம் வலம் மாற்றிவிட்டான். யாளியின் துதிக்கை வலப்பக்கம் சுருள வேண்டும், இடப்பக்கம் சுருண்டால் அது எதிரிப் படையின் யாளி. இதைச் சொல்லி அனுமந்தை தாண்டும்வரை ஒருவர் புலம்பினார். அவரை அந்தச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அவர் கழற்றவும் இல்லை, புலம்பலை நிறுத்தவும் இல்லை. வீட்டுக்காரர் என் காதில், "எதிரி கட்சியில நம்மள சேத்துட்டாங்களா," என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கே அந்தச் சுருள் உறுத்திக்கொண்டிருந்தது.

தியேட்டரில் விளக்கு அணைந்தது. முதல் காட்சியிலேயே அவள் மதில்மேலிருந்து குதித்து, இரண்டு காலையும் ஊன்றி நின்று, தலைமுடியைப் பின்னால் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். முன் வரிசைகளில் விசில். எங்கள் வரிசையில் ஒரு முனகல். சாவு வீட்டில் கேட்கும் முனகல் மாதிரி. அடுத்து அவள் நடந்தாள். அடுத்து ஆடினாள். அது கனவு இல்லை என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காட்சியில் உறைத்தது.

பக்கத்தில் இருந்த தங்கையின் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொண்டு பாப்கார்னுக்குள் விட்டாள். கண் திரையைவிட்டு நகரவில்லை.

திரும்பும் வழியில் வேன் முழுக்கக் கூச்சல். ராஜாவின் கடுக்கன் வலது காதில் இருக்க வேண்டும், இடது காதில் போட்டுவிட்டார்கள். கடலுக்குள் மூழ்கிய நகரம் வரும் அத்தியாயத்தையே காணோம். சூனியக்கிழவிக்கு எதற்குப் பாட்டு. ஒருவர் பாதிப் படத்திலேயே வெளியே போய் நின்றுவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். இன்னொருவர், தான் வெளியே போகாமல் முழுவதையும் தாங்கிக்கொண்டதே பெரிது என்று அவரோடு மல்லுக்கு நின்றார். வீட்டுக்காரர், "நல்லாத்தான இருந்துச்சு," என்று சொன்னது அப்போதுதான்.

வாத்தியார் முன்சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி, கையை உயர்த்தினார். வகுப்பில் போலவே எல்லாரும் அடங்கினார்கள்.

"கடுக்கன், பாட்டு, அதெல்லாம் விடுங்க. அந்தக் காலை எடுத்தாங்க பாருங்க, அதான் துரோகம்."

எல்லாத் தலைகளும் என் தங்கையின் பக்கம் திரும்பின. அவள் சன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் வாத்தியார் மெதுவான குரலில். "உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எனக்குப் புடிச்சிருந்துச்சு சார்."

பின்சீட்டில் இருந்த ஒரு பெண், "ஷாக்ல இருக்காங்க, விடுங்க சார்," என்றாள். யாரோ தங்கையின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். என் தங்கை பாட்டிலை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவள் அதிர்ச்சியில்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து வாத்தியார் தங்கைக்குப் போன் செய்தார். ஒரு வீடியோ எடுக்க வேண்டுமாம். படைத்தலைவியைப் போலவே நடக்கிற ஒரு வாசகி, அந்த மழையில்லா நாட்டைப் போலவே இருக்கிற எங்கள் ஊர் உப்பளத்தில் நின்று பேசினால் படக்குழுவின் மனசாட்சி உலுக்கப்படுமாம். வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவளோ, "சார் புக்கு குடுத்திருக்காரு, எப்படி முடியாதுன்றது," என்றாள். "படத்தைத் திட்டுற மாதிரி ஒண்ணும் பேச மாட்டேன், எனக்குத் தோணறதச் சொல்றேன்னு சொல்லிட்டேன்கா. சரின்னுட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்பளத்துக்குப் போனோம். வீட்டுக்காரர் தன் பாத்திப் பக்கம் அனுமதி வாங்கித் தந்திருந்தார். வாத்தியாரோடு குழுவில் இருந்த ஒருவர் கல்யாண வீடியோ எடுக்கும் கேமராவோடு வந்திருந்தார். வெயில் அப்போதே ஏறத் தொடங்கிவிட்டது. பாத்திகளில் உப்பு பூத்துக் கண் கூசியது. வரப்பு அகலம் குறைவு, ஈரத்தில் வழுக்கும். அதில் தூரத்திலிருந்து கேமராவை நோக்கி நடந்துவரச் சொன்னார்கள்.

அவள் நடந்துவந்தாள். இன்னொரு முறை என்றார்கள். மறுபடி போய் நடந்துவந்தாள். வாத்தியார் கேமராக்காரரின் காதில் ஏதோ சொன்னார். பிறகு வாயருகே கை குவித்து, "இன்னும் கொஞ்சம் மெதுவா வாங்கம்மா. அப்புறம்... அந்தச் சாய்வு கொஞ்சம் நல்லாத் தெரியற மாதிரி," என்றார்.

அவள் வரப்பிலேயே நின்றாள்.

"சார், எனக்கு இவ்ளோதான் வரும்."

அவள் கிண்டலாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் இல்லை. கேமராக்காரர் குனிந்து எதையோ துடைத்தார். வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன். உப்பை வாரச் சொன்னால் சேற்றோடு வாரி வைக்கிற ஆளை அப்படித்தான் பார்ப்பார்.

பிறகு அவளைப் பேசச் சொன்னார்கள். அவள் கேமராவைப் பார்த்துச் சுருக்கமாகப் பேசினாள். "எனக்கு இந்தப் படம் புடிச்சிருந்துச்சு. சண்டைங்க நல்லா இருந்துச்சு. அந்தக் காலை மட்டும் அப்படியே விட்டிருக்கலாம். புக்குல அப்படித்தான இருக்குது. மத்தபடி எல்லாரும் போய்ப் பாருங்க." இதுதான் அவள் பேசியது. நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

வீடியோ மறுநாள் வெளியானது. ஒரு புல்லாங்குழல் அழ, உப்பளத்தின் நடுவே அவள் தனியாக நடந்துவந்தாள். அந்த நடையை இரண்டு மடங்கு மெதுவாக்கியிருந்தார்கள். இடையிடையே அவள் பாதம் மட்டும். பிறகு அவள் முகம். "அந்தக் காலை மட்டும் அப்படியே விட்டிருக்கலாம்." அதோடு திரை கறுத்து, "எங்களை ஏன் அழித்தீர்கள்?" என்று வெள்ளை எழுத்து வந்தது. படம் பிடித்திருந்தது என்றதும் இல்லை, போய்ப் பாருங்கள் என்றதும் இல்லை.

அது எங்கெங்கோ போனது. எங்கள் மெடிக்கலுக்கு வந்த ஒருவர் அதை என்னிடமே காட்டி, "பாத்தீங்களா, நம்ம ஊருங்க," என்றார். நான் இருமல் மருந்தை அவர் கையில் திணித்து அனுப்பினேன்.

தங்கை அன்று வேலையிலிருந்து வந்தபோது முகம் இறுகியிருந்தது. சாப்பிடும்போதுதான் சொன்னாள்.

"ஒரு அம்மா சுகர் டெஸ்டுக்கு வந்திச்சி. கைய நீட்டிட்டு என்னையே பாத்துச்சு. நீதான வீடியோல வந்த பொண்ணு, எவ்ளோ கஷ்டம் உனக்குன்னு அழ ஆரம்பிச்சிடுச்சிக்கா. நான் ஊசிய குத்தறதா, அத சமாதானம் பண்றதா?"

"நீ இன்னா சொன்ன?"

"கைய மடக்குங்கம்மான்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது." சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். "அந்த லேப்ல இத்தினி வருஷமா இருக்கேன். டாக்டருக்கே நரம்பு கிடைக்கலன்னா என்னைத்தான் கூப்புடுவாங்க. இன்னைக்கு எல்லாரும் எனக்கு சேர் எடுத்துப் போடறாங்க."

அப்போதே வாத்தியாருக்குப் போன் செய்யப் போனேன். அவள் தடுத்தாள். குழுவில் தானே பேசுவதாகச் சொல்லி, குரல் பதிவு ஒன்றைப் போட்டாள். கோபமாகக்கூட இல்லை. "சார், நான் படம் புடிச்சிருந்துச்சுன்னு சொன்னேன். அத ஏன் கட் பண்ணிட்டீங்க? அந்த வீடியோவ எடுத்துடுங்க, இல்லன்னா முழுசாப் போடுங்க." அவ்வளவுதான்.

குழு வெடித்தது. துக்கம் கேட்டுவந்த சொந்தக்காரர்கள் போல முதலில் மென்மையாக வந்தார்கள். அப்புறம் தொனி மாறியது. உங்களுக்கே இப்படித் தோன்றலாமா என்றார் ஒருவர். உங்கள் வலி உங்களுக்கே தெரியவில்லை என்று ஒருவர் எழுதினார், அவர் தினமும் காலை ஓட்டப் பயிற்சிப் படம் போடுகிறவர். இன்னொருவர் 'உள்வாங்கிய அடிமைத்தனம்' என்று எழுதினார்.

"அப்படின்னா இன்னாக்கா?" என்று தங்கை கேட்டாள்.

"உனக்குப் புத்தி இல்லன்னு அர்த்தம். மரியாதையா சொல்றாங்க."

நடிகையின் ரசிகர்கள் பக்கம் அதற்குள் அந்தக் குரல் பதிவு எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்கள் அதை எடுத்து, மேலே நடிகையின் படத்தை ஒட்டி, 'உண்மையான ரசிகை கொடுத்த செருப்படி' என்று பரப்பினார்கள். என் தங்கை யாருக்கும் செருப்படி கொடுக்கவில்லை. அதன் பிறகு புத்தகக்காரர்கள் அவளை விலைபோனவள் என்றார்கள். நடிகையின் ஆட்கள் அவளை அக்கா, தெய்வம் என்றார்கள். இரண்டு பக்கமும் அவள் காலின் படத்தைத்தான் போட்டார்கள்.

வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார். "இவங்களுக்கெல்லாம் வேலைவெட்டி இல்லியா?" இருக்கிறது. அதுதான் எனக்கும் விளங்கவில்லை. பேங்கில் இருக்கிறவர், நர்ஸ், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். எல்லாரும் நாள் முழுக்க ஒழுங்காக வேலை பார்த்துவிட்டு வந்து இதைச் செய்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் தங்கையும் நானும் டியூஷன் சென்டருக்குப் போனோம். அது ஹார்டுவேர் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு வாத்தியார் வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் டீ சொல்லி அனுப்பப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நோக்கம் நல்ல நோக்கம்தான்," என்று என்னிடம் ஆரம்பித்தார்.

"என்கிட்ட பேசுங்க சார்," என்றாள் தங்கை.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்காகத்தாம்மா இவ்ளோவும். உங்களமாதிரி ஒருத்திய ஹீரோயினா எழுதறதே அபூர்வம். அத அழிச்சிட்டாங்களேன்னு படம் பாத்ததுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. நீங்க புடிச்சிருந்துச்சுன்னு சொன்னத அப்படியே போட்டா, பாருங்க, அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லிடுவானுங்க. பாயின்ட்டே போயிடும்."

"அவங்க காலை எடுத்துட்டாங்கன்னு நீங்க கத்தறீங்க. நீங்க என் பேச்சை எடுத்துட்டீங்களே சார்."

உள்ளே பிள்ளைகளின் சத்தம் நின்றிருந்தது. எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தன. வாத்தியார் பொய்யான ஆள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. போனை எடுத்து, எங்கள் எதிரிலேயே வீடியோவை நீக்கினார். மற்றவர்கள் எடுத்துப் பரப்பியதை நீக்க அவரால் முடியாது என்பது மூவருக்கும் தெரியும்.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றார்.

"பரவால்ல சார். பசங்களப் பாருங்க," என்றாள் அவள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து சேருவதற்குள் வாத்தியார் மன்னிப்புப் பதிவு ஒன்றைப் போட்டிருந்தார். நீண்ட பதிவு. தன் குழந்தைப்பருவம், புத்தகங்கள் தன்னைக் காப்பாற்றிய விதம், ஒரு வாசகி இன்று தன் கண்களைத் திறந்தது எல்லாம் அதில் இருந்தது. கீழே உப்பளத்து வரப்பில் சாய்ந்து நிற்கும் என் தங்கையின் படம். லைக்குகள் ஏறிக்கொண்டிருந்தன.

அவள் அவருக்குப் போன் போட்டாள். "சார், அந்த மன்னிப்பையும் எடுத்துடுங்க." எடுத்துவிட்டார்.

அன்றே குழுவிலிருந்து வெளியேறினாள். நான் வெளியேறவில்லை. அவளைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கண்காணிப்பதற்காக என்று சொல்லிக்கொண்டேன்.

படம் தியேட்டரைவிட்டுப் போவதற்குள் ஒருநாள், அவளுக்கு லீவு, என்னையும் கூட்டிக்கொண்டு மதியக் காட்சிக்குப் பாண்டிக்குப் போனாள். எனக்கு அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்கும் பொறுமை இல்லை. அவளுக்காகப் போனேன். அரங்கில் பாதிக்குமேல் காலி. படைத்தலைவி மதில்மேலிருந்து குதித்தாள், ஓடினாள், ஆடினாள். எனக்கு அதே இடங்களில் அதே எரிச்சல் வந்தது. தங்கை வாயைத் திறந்தபடி, சின்னப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து கரும்புச்சாறு குடிக்கும்போது கேட்டுவிட்டேன். "நெஜமாவே இது உனக்குப் புடிச்சிருக்குதா, இல்ல அவங்கமேல இருக்கற கோவமா?"

"புக்குல அவ கால் வராத பக்கமே இல்லக்கா. எதிரி சொல்றான், ராஜா சொல்றான், அவ ஆளுங்களே அவளப் பாத்துப் பாவப்படறாங்க. அவ ஜெயிச்சாலும் இந்தக் காலோட ஜெயிச்சான்னுதான் சொல்றாங்க. எழுதினவரு நல்லதுக்குத்தான் எழுதியிருக்காரு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இந்தப் படத்துல மொத்தப் படமும் ஒருத்தன்கூட அவ காலப் பாக்கல. நானும் பாக்கல. எனக்கு அது ரெஸ்ட்டா இருந்துச்சு."

"அப்ப எடுத்தது சரின்றியா?"

"சரின்னு யாரு சொன்னா? புடிச்சிருந்துச்சுன்னுதான் சொன்னேன். ரெண்டும் வேறவேறக்கா."

இப்போதும் எனக்கு அவர்கள் செய்தது தப்பு என்றுதான் படுகிறது. சாய்ந்து நடக்கிற ஒரு பெண்ணை இவ்வளவு பெரிய திரையில் எத்தனை முறை காட்டிவிட்டார்கள், இருந்த ஒருத்தியையும் நிமிர்த்தி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அதை அவளிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றுகிறது. அவளுடைய காலை வைத்துக்கொண்டு நானே அவளோடு வாதாடிக்கொண்டிருக்க முடியாதே. கரும்புச்சாறு டம்ளரைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம்.

அதற்குள் படத்தின் பரபரப்பு அடங்கத் தொடங்கியிருந்தது. அவளை லேப்பில் யாரும் அடையாளம் காண்பதில்லை. சேரையும் எடுத்து இருந்த இடத்திலேயே போட்டுவிட்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் வேறு படத்துக்குச் சண்டை போடப் போய்விட்டார்கள்.

போன வாரம் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு அறிவிப்பு வந்தது. அதோடு ஒரு போஸ்டர். படைத்தலைவி ஊன்றுகோலைப் பிடித்தபடி, இடது காலில் கட்டோடு நிற்கிறாள். ரசிகர்களின் உணர்வுக்கு மதிப்பளித்து, இரண்டாம் பாகத்தில் நாயகி போரில் கால் ஊனமடைவாள் என்று படக்குழு சொல்லியிருந்தது.

குழுவில் வெற்றிக் கொண்டாட்டம். பட்டாசுப் படங்கள், கண்ணீர்ப் படங்கள். நமது குரல் கேட்கப்பட்டது என்று வாத்தியார் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. படைத்தலைவிக்கு அது பிறவியிலேயே இருந்தது. சண்டையில் பட்டது இல்லை. புத்தகத்தின் முதல் பாகத்திலேயே இருக்கிறதே, யாருமே படிக்கவில்லையா? நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையல்கட்டிலேயே நின்று எழுதத் தொடங்கினேன். பிறவிக்கும் காயத்துக்கும் என்ன வித்தியாசம், காயம் என்றால் தியாகம் ஆகிவிடும், பிறவி என்றால் அவர்களுக்குக் கதை இல்லையா என்று ஒரு பத்தி. அப்புறம் இன்னொரு பத்தி.

தங்கை தண்ணீர் எடுக்க வந்தவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் படித்தாள்.

"இன்னாடி, தப்பா எழுதிட்டேனா?" என்று கேட்டேன்.

"தப்பா ஒண்ணும் இல்ல," என்றாள். "மாமா ஒக்காந்திருக்காரு. சோறு ஆறுது."

சொம்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நான் மூன்றாவது பத்தியை முடித்து அனுப்பிவிட்டுத்தான் போனேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் பதினைந்து பேர் பதில் எழுதியிருந்தார்கள். ஒருவர்கூட நான் சொன்னதைப் புரிந்துகொள்ளவில்லை.